கடல் மேல் போட்ட பழி

கூடப்பிறந்த என் பவளக்கா,

உன் கிணற்றை மூடச் சொல்லி நேற்று ஓர் அதிகாரி வந்தார். கடல் தண்ணீர் நிலத்துக்குள் ஏறிவிட்டதாம், அதனால்தான் கிணறு கெட்டதாம், மண்ணைப் போட்டு மூடினால் லாரித் தண்ணீர் வருமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடவில்லை. நீ இருந்திருந்தால் என்னைத்தான் வைதிருப்பாய்.

நாமும் அதைத்தானே சொன்னோம்? இந்தக் கரையில் தண்ணீர் கரித்தால் வேறு யார் மேல் சந்தேகம் வரும்? நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "கடலு ஏறிட்டுலே, எறைச்சா சரியாயிரும்" என்றாய். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கு வருஷம் தவறாமல் தண்ணீர் கொடுக்கும் வீடு; அவர்கள் வருவதற்குள் கிணறு தேற வேண்டுமே என்பது உன் கவலை. மோட்டார் போட்டு அடிவரை இறைத்தோம். மஞ்சள்தூளும் வேப்பிலையும் போட்டாய். புது ஊற்றுத் தண்ணீரை நீதான் முதலில் குடித்தாய்.

நீ போன பிறகு ஒருநாள் கடைக்கார முத்துராஜ் அண்ணாச்சி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடித்தேன். நம் வீட்டுக்குக் கிழக்கே, கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிற கிணறு. துளி உப்பு இல்லை. எப்படி என்று கேட்டேன்.

"கடலு ஏறுனா எங் கெணத்த மிதிச்சிட்டுல்லா ஒங் கெணத்துக்கு வரணும்?" என்றார்.

அப்போதுதான் மேற்கே திரும்பிப் பார்த்தேன். டவுன் குப்பை முழுவதையும் கொட்டிக் குவித்த மேடு. அடியில் ஒரு தார்ப்பாய்கூட விரிக்கவில்லை. பேட்டரி, ஊசி, பெயிண்ட் டப்பா எல்லாம் மழையில் ஊறி, கறுப்பாக, உப்பும் கலந்து கசிந்து மணலுக்குள் இறங்குகிறது. நம் கிணற்றுத் தண்ணீரை லேபில் சோதித்தவர்கள் ஈயம் இருக்கிறது என்றார்கள். கிணற்றை இறைக்க இறைக்க அந்தச் சாற்றைத்தான் நம் பக்கம் இழுத்திருக்கிறோம், அக்கா.

உன் கிட்னி இதனால்தான் போனதா? எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. டயாலிசிஸ் நாட்களில் அளந்து குடித்த அந்தக் கொஞ்சம் தண்ணீரும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்றாயே, அக்கா.

இப்போது மேட்டை இன்னும் உயர்த்தப் போகிறார்களாம். அடுத்து அண்ணாச்சி கிணறு, அதற்கடுத்துக் கடல். முத்தும் உப்பும் மீனும் கொடுத்த கடல் மேல் கூசாமல் பழி போடுகிறார்கள். அது எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்கிற தைரியம். உன் கிணற்றில் மண் விழுந்துவிட்டால், பிறகு எதைச் சோதித்து எதைக் கேட்பது?

"கெணத்த மூடிராதலே, நல்ல தண்ணி திரும்பி வரும்." ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகச் சொன்னது இது. என் ஆயுளில் அது திரும்பாது, அக்கா. ஆனாலும் மூட மாட்டேன். வாளியை அவிழ்த்துவிட்டு, மேலே கம்பி வலை போட்டுப் பூட்டியிருக்கிறேன். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நிற்கிறேன். நடந்து வருகிறவர்களுக்கு இந்த வருஷமும் நம் வாசலில் தண்ணீர் உண்டு, அண்ணாச்சி கிணற்றிலிருந்து, சோதித்துப் பார்த்த பிறகு. உங்கள் கிணறு என்ன ஆயிற்று என்று கேட்கிற ஒவ்வொருவரையும் வலைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் முகர்ந்து பார்க்கச் சொல்வேன். அந்தக் குப்பையை அள்ளும்வரை உன் கிணறு வாய் திறந்தே கிடக்கும்.

உன் வசவுக்கு ஏங்கும் தம்பி,
லிங்கம்