சாவித் தாளில் கையெழுத்துப் போடாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் யாருக்கும் சரியில்லை, நீயும் மாப்பிள்ளையும் இரண்டிலும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இடுப்பு வலி என்று எழுதியிருந்தாயே, நாற்காலியில் ஒரே இருப்பாக உட்காராதே, நடுநடுவில் எழுந்து ரெண்டு நடை நட. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டில் போன் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும், அப்பா காது இன்னும் கத்தி மாதிரி இருக்கிறது. நான் சொல்ல வந்தது அவர் காதைப் பற்றி இல்லை, கண்ணைப் பற்றி. அதற்கு முன்னால் ஒன்று. அப்பாவிடமிருந்து உனக்கு ஒரு கவர் வரும், இதற்கு முன்பே வந்துமிருக்கலாம், உள்ளே கார் சாவி செய்கிறவர் கொடுத்த தாள் ஒன்று இருக்கும், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு என்று எழுதியிருக்கும். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்காமல் பேனாவைத் தொடாதே.

உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விடுவதால் குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது தாத்தா வேலை என்று உனக்குத் தெரியும். நீ அந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து அவர் நடந்ததே இல்லை, எதிர்க்கடையில் ரொட்டி வாங்கவும் கார்தான். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய உடம்பு, என்ன செய்ய. ஓய்வு பெற்ற அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை ரெண்டு கையாலும் பிடித்து இடதுபக்கம் ஒரு திருப்பு திருப்பினார், நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. அதை விடு. போன மாசம் கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன், டாக்டரம்மா ரெண்டு கண்ணிலும் புரை முத்தியிருக்கு, ஆபரேஷன் பண்ணிக்குங்க, அதுவரைக்கும் வண்டியத் தொடவே கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், பசங்ககிட்ட சொட்டு மருந்து குடுத்தாங்கன்னு சொல்லு என்றார். நானும் தலையாட்டினேன். ஆபரேஷன் என்றால் அவருக்கு உள்ளூர நடுக்கம், அவருடைய பழைய கண்டக்டர் கண்ணில் கட்டோடு பத்து நாள் படுத்துக்கிடந்து தினமும் இவரைக் கூப்பிட்டு அழுதாரே, அதிலிருந்து.

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை கண்ணு, மனப்பாடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பேக்கரி வாசனை வந்தால் வளைவு, ரெண்டு வேகத்தடை ஏறி இறங்கினால் பள்ளிக்கூடம். டீச்சருக்குத் தைத்த உடுப்பைக் கொடுப்பதற்காக ஒருநாள் நானும் ஏறினேன். சைக்கிளில் போன ஒரு பெண் நம் வண்டி உரசி விழுந்துவிட்டாள். பின்னால் இருந்த குட்டி, தாத்தா, அந்த அக்கா விழுந்துட்டாங்க என்றது. அப்பா, எந்த அக்கா என்றார். பொய்க்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நான் கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன், முழங்கையில் சிராய்ப்புதான், அந்தப் பெண் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனாள், திட்டட்டும், திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறாளே. ஆனால் அந்த எந்த அக்கா என்ற வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கே கொக்கியில் இருந்த சாவியையும் பீரோவில் இருந்த மாற்றுச் சாவியையும் எடுத்து என் தையல் மிஷினுக்குள் போட்டு மூடினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேருக்கு நேர் ஓட்டாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சண்டை வரும் என்று பயந்தேன், சாவி காணாமல் போனால் தானாக அடங்குவார் என்று கணக்குப் போட்டேன், என் கணக்கு என்றைக்குச் சரியாக வந்தது. மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். தலையணை உறையெல்லாம் கழற்றி உதறினார், அரிசி டப்பாவுக்குள் கைவிட்டார், குழாய் ரிப்பேருக்கு வந்தவரைக்கூடச் சந்தேகப்பட்டார். நானும் கூடவே குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினேன், அந்த வெட்கத்தை என்னவென்று எழுதுவேன். மூன்றாம் நாள் காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு தான் ஓட்டிய ரூட்டில் உள்ள நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எதுக்கு என்றேன். மூளை இருக்கா போயிடுச்சான்னு பாக்கறேன் என்றார். டீ ஆறிப்போனது, ஒரு நிறுத்தம்கூட விடாமல் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் நான் நூல் வாங்கப் போன நேரத்தில், முடிவெட்டுகிற கடைச் சுவரில் நம்பர் ஒட்டியிருந்த சாவிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தச் சாவிக்காரர் ஒரு வேனில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார், வேனுக்குள்ளேயே சாவி வெட்டுகிற மிஷின், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி இதுதான் உன் புதுச் சாவி என்று காருக்கே சொல்லிக் கொடுக்கிறார்களாம், இல்லாவிட்டால் கதவு திறந்தாலும் வண்டி கிளம்பாதாம். நான் திரும்பி வந்தபோது வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தது நம் காருக்கு முன்னால் இல்லை, மாடியில் இருக்கிற பல் டாக்டர் காருக்கு முன்னால். அதுவும் அதே சாம்பல் நிறம். சாவிக்காரர் பொறுமையான மனுஷன், வண்டிப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, ஐயா, பேப்பர்ல ஒரு நம்பர் இருக்கு, வண்டியில ஒரு நம்பர் இருக்கு என்றார். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு நீ நம்பர் படிக்கக் கத்துத்தரியா என்று அப்பா எகிறினார். அப்ப நீங்களே ஒருதடவை படிச்சுடுங்க ஐயா என்றார் அவர். அப்பா டாக்டர் காரின் நம்பர் பலகையைப் பார்த்தபடி நம் கார் நம்பரை ஒரு எழுத்துப் பிசகாமல் கணீரென்று படித்தார்.

டாக்டர் படியிறங்கி வந்துகொண்டிருந்தவர் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார், நல்லவேளை அவர் வாயைத் திறக்கவில்லை. ஏதோ சரியில்லை என்று அப்பாவுக்கும் புரிந்துவிட்டது, கையால் பானெட்டைத் தடவிப் பார்த்தார். சாவிக்காரர் என் பக்கம் திரும்பி மெதுவாக, அம்மா, உங்க வண்டி எது என்றார். காட்டினேன். அங்கே போய் மறுபடி பேப்பரைப் பார்த்துவிட்டு, வண்டி உங்க மக பேர்ல இருக்குங்க ஐயா, அவங்க கையெழுத்து இல்லாம நான் சாவி வெட்டக் கூடாது, இந்தத் தாளை அனுப்பி வாங்கிடுங்க, வந்தா நானே வந்து பண்ணித் தரேன் என்றார். அவர் சாக்குச் சொன்னாரோ, தொழில் முறையே அதுதானோ எனக்குத் தெரியாது. அப்பா அந்தத் தாளோடு நேராக முடிவெட்டுகிறவரிடம் போய் உனக்குக் கடிதம் எழுதச் சொல்லிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.

வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், சாவியத் தொலைச்சேன், இப்ப வண்டியவே மாத்திட்டேன், எனக்கு எல்லாம் கழண்டு போச்சுடி என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாவி தொலையல, நான்தான் எடுத்து வச்சேன் என்று சொல்லிவிட்டேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டு, அப்ப எனக்கு ஞாபகம் போகல என்றார். முகமே தெளிந்துவிட்டது. பிறகுதான், மூணு நாளா அரிசி டப்பாக்குள்ள கைவிட வச்சியே, நீ பொம்பளையா போலீஸா என்று ஆரம்பித்தார், கடைசியில் கையை நீட்டி, சரி, மூளைதான் நல்லாயிருக்கே, சாவியக் குடு என்றார். பார்த்தாயா, நான் உண்மையைச் சொன்னது அவருக்குத் தைரியமாகப் போய்விட்டது. நம்ம காரையே அடையாளம் தெரியல, புள்ளையை ஏத்திக்கிட்டு எங்க போவீங்க, தர மாட்டேன் என்றேன். எங்கள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் நீட்டிய கையை நான் சும்மா திருப்பியது இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து பேச்சில்லை. பதிலுக்கு முடிவெட்டுகிற கடை விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறாராம், உன் தாள் வந்துவிட்டதா என்று தினமும் அங்கே போய்க் கேட்கிறார், புதுச் சாவி வந்தால் என் தயவு வேண்டாமாம். உன் தம்பியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவன் அப்பாவைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினான், ஒரு மாசம் மறைச்சு வச்சியேம்மா என்று. சரிதானே.

இப்போது குட்டியை நான்தான் நடத்திக் கூட்டிப்போகிறேன். இன்று காலை பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, யார் செருப்பு என்று எனக்குத் தெரியாதா, பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தார். ரோடு தாண்டுகிற இடத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. குட்டி என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்து, தாத்தா, இங்க ஒரு படி, இப்ப ரோடு, இப்ப மறுபடி படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டி வந்தது. குட்டி பள்ளிக்கூடத்துக்குள்ளே போய்விட்டது, நாங்கள் ரெண்டு பேரும் கேட்டில் நின்றோம். நான் கோபத்தில் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். கொஞ்சம் மெதுவாப் போயேன் என்றார். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நின்றேன், வந்து என் தோளில் கை வைத்தார், வீடு வரைக்கும் எடுக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், தாள் வந்தால் கையெழுத்துப் போடாதே. போடவில்லை என்று நீயே உன் கையால் அவருக்கு எழுது, பெரிய எழுத்தாக எழுது, அம்மா சொன்னாள் என்று எழுதாதே. வண்டி என் பேரில் இருக்கிறது, கண் சரியானதும் தாளில் கையெழுத்துப் போட்டு நானே அனுப்புகிறேன் என்று எழுது. ஆபரேஷனுக்கு நீ நாள் குறித்துச் சொன்னால் கேட்பார், நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் எல்லோரும் நூறு வயசு நல்ல கண்ணோடும் நல்ல மனசோடும் இருக்க வேண்டும். இடுப்புக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு, மறக்காதே.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா