வாயால் சொன்ன மாப்பு

மே 4, ஞாயிறு

கச்சான் காற்று. கதவெல்லாம் படார் படாரென்று. வளவு கூட்டிய கையோடு மறுபடி குப்பை. இவருக்குப் பிரஷர் குளிசை முடிந்தது, கல்முனைக்குப் போனால் வாங்க வேண்டும். தேங்காயும் இல்லை.

குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவின் செய்தி. ஹஜ்ஜுக்குப் போகிறாளாம். 'அறிந்தோ அறியாமலோ யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மாப்பு செய்யுங்கள்.' எல்லாரும் துஆக் கை படம் போட்டிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அறியாமலா? நல்ல கதை!

மே 5, திங்கள்

சரியான தூக்கமில்லை. போன வருடம் பஸ்ஸுக்குள் பட்ட பாடு அப்படியே வருகிறது. இவருடைய கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்பில் நின்றோம். விடிய சுபஹோடு உம்மா ராத்தா வீட்டில் மவுத்து. "பின்னேரம் அசருக்குள்ள வந்துருவன், முகத்த மட்டும் பாக்கணும், பொறுங்க" என்று வழி நெடுக போனில் கெஞ்சினேன். நடுப்பகல் ளுஹரோடு அடக்கிவிட்டார்கள். மையித்தைச் சுணக்கக் கூடாதாம். நான் இறங்கும்போது வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

மகள் கேட்கிறாள்: "நீங்க மாப்பு குடுக்காட்டி பெரியம்மாட ஹஜ்ஜு அல்லாஹ்க்கிட்டச் சேராதாம், மெய்யா உம்மா?"

"போய்ப் படிக்கிற வேலயப் பாரு" என்று ஏசினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மே 7, புதன்

வந்தே விட்டாள். கூடவே அவள் புருஷன் மச்சான், அவருடைய உம்மா, இன்னும் சில பேர். வீடு வீடாக மாப்புக் கேட்டு வருகிறார்கள்.

ராத்தா என் கையைப் பிடித்து, "என்னயும் மாப்பு செஞ்சிருகா."

எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். "செஞ்சன்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மச்சானின் உம்மா. அதோடு எழும்பி அடுத்த வீடு. தேசிக்காய்த் தண்ணியை யாரும் முழுதாய்க் குடிக்கவில்லை.

பொய். பச்சைப் பொய். அதுவும் மக்காவுக்குப் போகிறவளிடம்.

மே 8, வியாழன்

மீன் ஆணம் அடிப்பிடித்தது. இவர்: "சொல்லியாச்சில்ல, உட்டுரு."

எப்படி விட? தொழ நின்றால் நான் சொன்ன 'செஞ்சன்'தான் காதில். அதை நம்பிக்கொண்டு போய் ஹஜ்ஜில் அறபா வெளியில் நிற்பாளே. அவள் மேல் எரிச்சல், என் மேல் அதைவிட.

மே 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்தபின் ராத்தா வீடு. போயே விட்டேன். தனியே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "ராத்தா, அண்டைக்கு ஆக்களுக்காகச் சொன்னன். நான் மாப்பு செய்யல்ல."

"தெரியும்கா." ராத்தா நிமிரவில்லை. "பள்ளியில யாரும் அவசரப்படுத்தல்ல. உன்ட மச்சான் கூட அசர் வரைக்கும் பொறுப்பமெண்டாரு. நாந்தான் வேணாமெண்டன்."

"ஏன்?"

"பீ மூத்திரம் அள்ளினது நான். கடைசி வரைக்கும் உம்மா கேட்டது உன்னத்தான். எனக்கு வயிறெரிஞ்சிச்சு."

கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கி வளவில் எறியலாம் போல. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். ஏச வாய் திறந்தேன், வந்தது வேறு.

"முகம் எப்படியிருந்திச்சு?"

ராத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாய் கொஞ்சம் திறந்திருந்ததால் துணியால் நாடியைக் கட்டினார்களாம். நெற்றியில் சுருக்கமே இல்லையாம். "உன்ட முகம்தான்கா. கபன் துணி மூடக்குள்ள நீ கிடக்கிற மாதிரி இருந்திச்சு எனக்கு." அதைச் சொல்லும்போது அழுதாள். நானும்.

மாப்பை அவள் திரும்பக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

காற்று இல்லை, புழுக்கம். சுபஹுக்குப் பிறகு ராத்தாவை ஏற்றிப்போக வான் வந்து நின்றது. தெரு நிறையச் சனம், சலவாத்துச் சத்தம். கோபம் போய்விட்டதா என்று நெஞ்சைக் கேட்டேன். போகவில்லை. கதவை மூடப்போகும் நேரம் சனத்தை இடித்துக்கொண்டு போய் ஜன்னலைப் பிடித்தேன்.

"ராத்தா, உன்ட ஹஜ்ஜ நான் மறிக்கல்ல. அல்லாஹ்க்கிட்டச் சொல்லிட்டன். மனசு மட்டும் இன்னும் ஏலாதாம். நீ சுகமாத் திரும்பி வந்துரு. உன்ட முகத்தையும் பாக்காம உட என்னால ஏலா."