காளான் வேண்டாம் என்று அம்மா சொன்னது

அன்பு மகள் பாப்புவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணன் போன வாரம் வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனான், அவன் கைவைத்த பிறகு முன்னைவிட நன்றாகவே சொட்டுகிறது, நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே, முகம் வாடிப்போவான்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பாவுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம் பாப்பு, ஏனென்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். தூங்குகிறாள், குளிக்கிறாள், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஐந்து மாதமாக நான் சொன்னதெல்லாம் பொய். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாயே, பேச்சு தானாக வந்துவிடும் என்று டாக்டர் அன்றைக்குச் சொன்னார். வந்தது, ஆனால் குழறிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து குரலாலேயே பெயர் வாங்கினவள், இந்தக் குரல் உன் காதில் விழக்கூடாது என்று ஒரே பிடிவாதம். வெளி ஆட்களிடமும் வாயே திறப்பதில்லை, அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ, "நான் திரும்பி வந்துட்டேன்னு அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா?" என்று கேட்டாய் பார், அது அவள் காதிலும் விழுந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள், அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் தெருமுனை வரை அவளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவது வழக்கம். வியாழக்கிழமை முனையைத் தொடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. முன்பு சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது பீட்சா கடை, ஒதுங்குவதற்கு அதுதான் கிடைத்தது. நம் தெருக் குடும்பங்கள் பாதி அங்கேதான் இருந்தன. மேசைக்கு மேசை வெள்ளைத் தாளை விரித்து, குழந்தைகள் கிறுக்குவதற்கு ஒரு டம்ளர் நிறைய கலர் பென்சில் வைத்திருக்கிறார்கள். அடுத்த மேசையில் ஒரு சின்னது காது வரைக்கும் தக்காளிச் சாறைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அதன் அக்கா மேசைக்கு அடியில் இருந்தாள், இரண்டையும் பெற்றவர்கள் எதையும் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே கூச்சல். கடைக்காரம்மா குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றதும் நான் வழக்கம்போல முந்திக்கொண்டு காளான் போட்டது ஒன்று என்றேன். அம்மாவுக்குக் காளான் கண்ணில் பட்டாலே ஆகாது, எனக்கு அந்த நேரத்தில் மறந்தே போய்விட்டது. அவள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பிறகு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "காஆன் ஏண்டாம்" என்றாள்.

ஐந்து மாதத்தில் வெளி ஆளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. பார்த்தால் கடைக்காரம்மா அதைக் காரம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். பத்து நிமிஷத்தில் வந்தது, மிளகாய் ஒரு துணுக்குகூட இல்லை, மேலெல்லாம் காளான். நான் உடனே அதைப் பொறுக்கி என் தட்டில் போட ஆரம்பித்தேன், அவள் என் கையைத் தட்டிவிட்டுக் கடைக்காரம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். தட்டைச் சுட்டிக் காட்டியிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும். காட்டவில்லை. சொன்னாள். கடைக்காரம்மாவுக்கு விளங்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், என்னைப் பார்த்து, "உந்திஇக்கொட்டை!" என்றாள், அது எனக்கு நன்றாகவே விளங்கியது, முந்திரிக்கொட்டை! கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவள் வைத்திருக்கிற பட்டமாயிற்றே. அந்தக் கடைக்காரம்மாவை நான் மறக்க மாட்டேன், புரிந்த மாதிரி தலையாட்டவில்லை, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கு இன்னும் புரியலம்மா, மெதுவாச் சொல்லுங்க, அடுப்பு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள். மூன்றாவது தடவை, உதட்டைக் குவித்து, கண்ணை மூடி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள் அம்மா. கடைக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு, "காளானா! நான் ஒரு மண்டு" என்று தட்டோடு ஓடினாள். அம்மா சிரித்தாள் பாப்பு. புதிதாக வந்ததில் மூன்று துண்டு சாப்பிட்டாள், இன்னும் அசைய வராத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையாலேயே மடித்து மடித்து. வீட்டில் யாராவது வந்தால் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறவள், தாடையில் சீஸ் நூலாகத் தொங்குவதை அவசரமே இல்லாமல் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சிரமப்படக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் அவள் வாயிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பாசம்தான், ஆனாலும் செய்தது தப்பு. மழை விட்டு வீட்டுக்கு நடக்கும்போது அதைச் சொன்னேன். வாசல்படி ஏறும்போது அவள், "பாப்பு போனை... இனிமே நா எடுக்கறேன்" என்றாள். சொல்லி முடிக்க ஒரு படிக்கு மேல் ஆயிற்று, நான் குறுக்கே பேசவில்லை.

அதனால் கண்ணு, இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாதே. நீ அழக் கூடாது, அழுதால் அவள் வைத்துவிடுவாள். அவள் பாதி சொல்லும்போது மீதியை நீ சொல்லிவிடாதே, அந்தப் புத்தி உனக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று. அவள் எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே கேட்காது. லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதே. வார்த்தை வந்துகொண்டிருக்கிறது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா