அடுப்பு மேடையின் உயரம்

திங்கள்கிழமை, மத்தியானம்

அன்புள்ள என் நெட்டைக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த நாடகக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வைத்து வைத்து உன் கண் குழி விழுந்துவிடவில்லையே? போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ நடுவில் புகுந்து வெட்ட முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடைசிவரை படி.

சோப்புக் கம்பெனியில் வேலை நடக்கிறது. என்ன வேலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முதல் நாளிலிருந்தே எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தொன்பது வருஷம் அந்தக் கூடத்தில் நின்று சோப்புக்குக் காகிதம் சுற்றியவள் நான். எப்போது சங்கு ஊதும், எப்போது வெளியே ஓடலாம் என்று காத்திருந்த இடம் அது. கம்பெனியை மூடிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே கூடத்தை நீ வாங்கியிருக்கிறாய். "வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கும்மா, இப்பல்லாம் கலைஞருங்க இப்படித்தான் இருக்காங்க" என்றாய். இருக்கட்டும். ஓடி வந்த இடத்துக்கே திரும்பிப் போய்க் குடியேறுவார்களா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி நல்ல மனுஷர், ஆனால் அவரும் குழம்பிப்போயிருக்கிறார். தரையைக் கழுவலாம் என்று தண்ணீர் ஊற்றினால் நுரை வருகிறது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் சிமெண்டுக்குள் சோப்பு ஊறிக் கிடக்கிறது. ஆறு தடவை கழுவியாகிவிட்டது, இன்னும் நுரைக்கிறது. குளியலறைச் சுவரில் பூசிய பூச்சு மறுநாள் காலையில் வழுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தது. "இந்தக் கட்டடமே குளிச்சிட்டு நிக்குதும்மா, இதுல எதும்மா ஒட்டும்" என்கிறார். மற்ற சுவர்களைப் பூசாமல் செங்கல் தெரிய விட வேண்டும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். நம் தெருவில் பாதியில் நிற்கிற வீடுகளெல்லாம் அப்படித்தானே நிற்கின்றன என்று கேட்டார். அவளுக்கு அது பிடிக்குமாம் என்று சொல்லி வைத்தேன்.

ஜன்னல் கண்ணாடியைச் சுரண்டியாகிவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்காது. நாங்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று கீழ் வரிசைக் கண்ணாடிக்கெல்லாம் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வேலையாட்களை நம்பாமல் நானே பிளேடு வைத்து ஒரு கண்ணாடியைச் சுரண்டினேன். அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று பத்தொன்பது வருஷ ஆசை. ஒரு சந்து, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சைக்கிள் கடை. அவ்வளவுதான். இதை மறைக்கவா அத்தனை பெயின்ட்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதி, அந்த வரைபடக்காரப் பெண், நல்ல பெண்தான். ஆனால் மாதம் ஒரு தடவைதான் வந்து எட்டிப் பார்க்கிறாள். அவள் போட்ட படத்தில் நிறையத் தப்பு இருக்கிறது. அடுப்பு மேடையை இரண்டரை அடி உயரத்தில் போட்டிருக்கிறாள். உன்னை அவள் பார்த்ததே இல்லையா? அந்த மேடையில் நீ காய் நறுக்கினால் ஒரே மாதத்தில் கூன் விழுந்துவிடும். மேஸ்திரியிடம் சொல்லி மூன்று அடிக்கு உயர்த்திவிட்டேன்.

கட்டிலையும் கீழே போட்டிருக்கிறாள், நாலாவது தூண் பக்கத்தில். இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, சரியாக எங்கள் காகித மேஜை இருந்த இடம் அது. மேலே இரும்பில் பரண் மாதிரி ஒரு தளம் வருகிறது அல்லவா, அதற்கு ஏணி மட்டும் காட்டி, சாமான் வைக்க என்று எழுதியிருக்கிறாள். சின்ன வயதில் அலமாரி மேல் ஏறித் தூங்கியவள் நீ. உனக்கு மேலேதான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? வெல்டரைக் கூப்பிட்டு ஏணிக்குப் பதிலாக ஒழுங்கான படி வைக்கச் சொல்லிவிட்டேன். கட்டில் மேலே போய்விடும். ஜன்னலோரம் தையல் மெஷினுக்கு ஒரு பிளக் பாயின்ட் காட்டியிருக்கிறாள். நீ எங்கே தைக்கிறாய்? பொம்மை உடுப்பெல்லாம் நான் தைத்து அனுப்புவதுதானே. இருந்தாலும் அதை விட்டுவைத்தேன், பிளக் பாயின்ட் எதற்காவது உதவும்.

அப்புறம் ஒன்று. கேட்கலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். இந்த மாதத்தோடு நான் இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்துவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னாய். சொல்லிவிட்டேன். படத்தில் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன், ஒன்றுதான். உன் மாமா, "அக்கா, பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு, அவளும் வாழட்டும்" என்கிறான். அவன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இல்லை என்று எழுதுவது பொய், கொஞ்சம் இருக்கிறது. மூட்டையை எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுது.

மறந்துவிட்டேன். போன தடவை வந்தபோது என்னைச் சுவரோடு நிறுத்தி, முழங்கையிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தாயே, ஆள் உயரப் பொம்மைக்கு என்று, அந்தப் பொம்மையை முடித்துவிட்டாயா? என் ஜாடை வந்தால் மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக வை.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா


வியாழக்கிழமை

நெட்டைக்கு,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். நேற்று வரைபடக்காரப் பெண் வந்தாள். வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் அடுப்பு மேடை முன்னால் போய் நின்றுவிட்டாள். "இத யாரும்மா ஒசத்தினது?" என்று கேட்டாள். நான்தான், உன் தப்பைத் திருத்தினேன் என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தப்பு இல்லம்மா, இது உங்க ஒசரத்துக்குப் போட்டது. முழங்கை அளவுகூட உங்க பொண்ணு எழுதி அனுப்பியிருந்தாங்க" என்றாள்.

எனக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. பொம்மைக்கு அல்லவா அளந்தாள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கையோடு உன் கடிதத்தையும் எடுத்துக் காட்டினாள், உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா. மேடை எனக்கு. தையல் மெஷின் பிளக் எனக்கு. ஜன்னலோர மேஜை எனக்கு. ஏணி ஏற முடியாதவள் என்று கட்டிலைக் கீழே போட்டதும் எனக்கு. "கட்டில் நாலாவது தூண்கிட்டதான் வரணும், எங்கம்மா நின்ன எடத்துலதான் வரணும்னு மூணு தடவ சொன்னாங்கம்மா" என்றாள்.

சரி, அப்படியானால் அவள் எங்கே படுப்பாள் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், வெல்டர் வைத்த படியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "வர்றப்ப மேல ஒரு மெத்தைய விரிச்சுக்கறேன்னாங்க" என்றாள். வர்றப்ப. அதற்குப் பிறகு, "அந்த நாடகக் கம்பெனியிலயே அவங்கள நிரந்தரமா எடுத்துக்கிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைத் திட்டாதே. பாவம், போகும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மேஸ்திரி கையில் சுத்தியலோடு நின்றார். "இடிக்கவாம்மா, வேணாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் பீடி பிடிக்க வெளியே போய்விட்டார். நான் நாலாவது தூண் பக்கத்தில் போய் ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. பத்தொன்பது வருஷத்தில் அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்காரக் கூடாது என்பது சட்டம். உட்கார்ந்தவள் பெயரை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவார் சூப்பர்வைசர். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுச் சாவி வாங்க நீ வாசலுக்கு வந்தாய். பலகையில் என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எதற்கு எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாய். நன்றாக வேலை செய்தேன், அதனால் எழுதியிருக்கிறார்கள் என்றேன். நீயும் தலையை ஆட்டிக்கொண்டு போனாய். ரெண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை நம்பிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் எங்கே போவேன் என்று பயந்தேன், எனக்கு இடம் இருக்கிறது. உனக்கு இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் உயர்த்தி வைத்தேன், உனக்குத் தேவையில்லை. காலையில் காபி போடும்போது பெருமையாக இருந்தது, அதே காபியைக் குடிக்கும்போது அழுகை வந்தது. நீ என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நான் மட்டும் உன்னிடம் நேராகக் கேட்டேனா என்றால், அதுவும் இல்லை.

கோபம் தணிந்ததும் மறுபடி எழுதுகிறேன். கோபம்தானா என்பதும் நிச்சயமில்லை.

அம்மா


ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது, குடிமாறுகிற அலைச்சலில் இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நாலு பக்கத்தில் மூன்று பக்கம் மன்னிப்பு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், நல்ல வேலை கிடைத்திருக்கிறது, கெட்டியாகப் பிடித்துக்கொள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வீட்டையே கட்டி அனுப்பிவிட்டாய். என் வயிற்றில்தானே பிறந்தாய், வேறு எப்படி இருப்பாய்.

நான் குடிவந்து எட்டு நாள் ஆகிறது. சாமான்களை ஏற்றி இறக்கியது உன் மாமாதான். உள்ளே நுழைந்து ஒரு தும்மல் போட்டான், கூடம் மூன்று தடவை திருப்பித் தும்மியது. "அக்கா, இதுல நீ தனியா பேசினாகூட நாலு பேர் இருக்கிற மாதிரி இருக்கும்" என்கிறான். இன்னமும் தரை துடைத்தால் கொஞ்சம் நுரை வருகிறது. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுவிட்டேன். நீ கேட்ட ராஜா பொம்மையின் அங்கியை அங்கேதான் தைத்தேன், விளக்குப் போடாமலேயே ஊசி கோத்தேன். சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்து, நிஜமாகவே இங்கே குடியிருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. காலையில் எழுந்ததும் ஏதோ ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்புறம் கட்டிலில்தான் இருக்கிறேன் என்று தெரிகிறது.

ஆமாம், கட்டில் கீழே வந்துவிட்டது, நீ சொன்ன தூண் பக்கத்தில். பகலில்கூட வேலை இருக்கிறதோ இல்லையோ, போய் அதில் உட்கார்ந்துகொள்கிறேன். என் பெயரை யார் எழுதுகிறார்கள் பார்ப்போம்.

மேலே போகிற படியை எடுக்கச் சொல்லவில்லை. அது இருக்கட்டும்.

மேடையை என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். முழுதாக இடிக்க மனசு வரவில்லை, முழுதாக விடவும் முடியவில்லை, என் கை பாத்திரத்துக்குள் எட்டவே இல்லை. பாதியை மட்டும் இடித்து இரண்டரை அடிக்கு இறக்கச் சொன்னேன். மற்ற பாதி மூன்று அடியிலேயே நிற்கிறது. நடுவில் அரை அடி படி மாதிரி இறங்குகிறது. மேஸ்திரிக்குக் கோபம். "ஒரு மேடைக்கு ரெண்டு ஒசரமா? பாக்கறவங்க நான் குடிச்சிட்டுக் கட்டினேன்னு சொல்வாங்கம்மா" என்றார். இந்த வீட்டில் குடியிருக்கிறவர்கள் அப்படி என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன்.

என் பக்கத்தில் கல் பதித்து அடுப்பு வைத்தாகிவிட்டது. உன் பக்கத்தில் இன்னும் பதிக்கவில்லை. உயரத்தை நான் குத்துமதிப்பாகத்தானே சொன்னேன், உன்னைப் போல டேப் வைத்து அளக்கவில்லையே. நீ வந்து நின்று, கையை வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு பதித்தால் போதும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தப் பக்கம் யாரும் எதையும் வைக்கக் கூடாது. உன் மாமா பையை வைத்தான், என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வேலையில் யாராவது நிற்க வைத்தால் நில், ஆனால் நடுநடுவே உட்கார். கேட்டால் எங்கள் அம்மா சொன்னாள் என்று சொல். நீ எங்கே இருந்தாலும் உன் கைக்கு எட்டுகிற உயரத்தில் எல்லாம் உனக்குக் கிடைக்கட்டும்.

உன் பக்கத்துக் கல்லைப் பதிக்க ஒரு சிமெண்ட் மூட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். ஈரம் படாமல் இரண்டு சுற்றுக் காகிதமும் பிளாஸ்டிக்கும் சுற்றியிருக்கிறேன், சுற்றுவதில் எனக்கு அனுபவம் போதும். எப்படிச் சுற்றினாலும் மூன்று மாதத்துக்கு மேல் போனால் சிமெண்ட் கட்டிதட்டிவிடும் என்கிறார் மேஸ்திரி.

என்றும் உன்
அம்மா