வேரோடு என்ற சொல்

சனிக்கிழமை, இரவு.

நாளை ஆராதனையில் நான் சொல்ல வேண்டிய சாட்சியைப் பாஸ்டரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'கர்த்தர் என் கோபத்தை வேரோடு பிடுங்கிப்போட்டார்' என்று இருந்தது. பேனாவை எடுத்து 'வேரோடு' என்பதை அடித்தேன்.

"ஏனுங்கண்ணா, சபைக்கு விசுவாசம் வளர வேண்டாமுங்களா? பேப்பர்ல முப்பது வருசம் எழுதுனவருக்கு நான் சொல்லோணுங்களா?" என்றார்.

"எழுதுனதாலதாங்க அடிக்கறேன்."

என் மனைவி ஸ்டெல்லா காபியை வைத்துவிட்டு, "நேத்துப் பக்கத்து விசைத்தறிக்காரர்கிட்ட இவரு பேசுனதையும் சேத்துக்குங்க பாஸ்டர்" என்றாள்.

உண்மைதான். தறிச் சத்தம் தாங்காமல் பழனிசாமியிடம் "நிறுத்து" என்றேன். "நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. கருமத்தம்பட்டியில் அந்த 'ங்க' போனால் கன்னத்தில் அறைந்த மாதிரி. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன் நிஜமாகவே அறைந்திருப்பேன். இத்தனை வருட ஜெபத்தில் கை அடங்கியிருக்கிறது. வாய் இன்னும் அடங்கவில்லை. சபையில் அதைத்தான் சொல்வேன் என்று பாஸ்டரிடம் சொன்னேன்.

"அப்படீன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறனுங்க" என்று பாஸ்டர் எழுந்தார்.

பார்த்துக்கொள்ளட்டும். வருத்தம்தான், சபை முன் நிற்க ஆசைப்பட்டேன். ஆனால் கர்த்தர் என்னில் இன்னும் செய்துகொண்டிருக்கும் வேலையை, முடிந்துவிட்டது என்று நான் செய்தி கொடுக்க மாட்டேன்.

காலையில் ஆராதனைக்கு முன்னால் பழனிசாமி வீட்டுக்குப் போவேன். அந்த ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பேன். பிறகு, ராத்திரியில் தறியை நிறுத்துங்க என்று மறுபடியும் கேட்பேன். இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.