பீடத்துச் சுவரில் ரோஜாப்பூ டைல்ஸ்

ஜூன், செவ்வாய் இரவு

சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன் எங்கள் பழைய மாதா கோயிலைப் புதுப்பிக்கிறாராம். பீடத்துப் பின்சுவரில் ரோஜாப்பூ டைல்ஸ் ஒட்டப் போகிறார். எங்கள் வீட்டுக் குளியலறையிலும் அதே பூதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கொத்துவேலை தொடங்கிவிட்டது. அந்தச் சுண்ணாம்புச் சுவர் முழுக்க நீலத்தில் ஒரு படர்கொடி வரைந்திருக்கும். பாதிக் கொடி தரையில் தூளாகக் கிடந்தது. சுவரில் ஒரு குறையும் இல்லை. கூரை ஒழுகி ஓர் ஓரம் ஈரம், அவ்வளவுதான். கூரையைத் தொட மாட்டார். அங்கே பேர் எழுதி வைக்க முடியாதே.

"ஏண்ணே, ஒடஞ்ச ஓடுகள மாத்துனா போதாதா?"

"ஒனக்கு என்ன தெரியும்? எல்லாம் பழசு, பாக்கவே அசிங்கமா இருக்கு. அங்கிட்டுப் போ."

பங்குச் சாமியார் தலையாட்டினார். நன்கொடை கொடுப்பவர் எதைச் சொன்னாலும் ஆடும் தலை அது.

மிச்சமிருந்த கொடியில் முதுகை ஒட்டி நின்றுகொண்டேன். "என்னையும் சேத்துக் கொத்துங்க" என்றேன். கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். "டீ குடிச்சிட்டு வாரேங்க" என்று போனவர் திரும்பவில்லை. அண்ணன் ஊருக்கே கேட்கக் கத்தினார். ஞாயிறு பூசைக்குப் பிறகு பேசலாம் என்று சாமியார் நழுவினார்.

சாப்பிடும்போது அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணிதான் கேட்டார், "அது என்ன கொடிங்க?"

"திராட்சை" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "அது திராட்சையா?"

ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நடந்தது அவருக்கு. பாதியைக் கொத்திய பிறகு கேட்கிறார்.