என்ஜின் நிறுத்தியிருந்தது

மேலப்பாளையம்,
14.1.1996

அன்புள்ள மச்சானுக்கு, கமர் நிஷா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளை தஸ்மியாவும் உங்கள் உம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுத வேண்டாம். உங்களோடு வேலை பார்க்கும் முஹ்சின் காக்கா நேற்று லீவில் வந்து சொல்லிவிட்டார்.

போன மாதம் வந்த உங்கள் கடிதத்தைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டினேன். துபாய் முதலாளியின் பாய்மரப் படகில் என்ஜினை நிறுத்திப் பாயை விரித்தால், படகு போகிற வேகத்தில் அடியிலிருக்கும் விசிறி தண்ணீரில் தானாகச் சுற்றும், அதோடு ஷாப்ட் சுற்றும், ஷாப்டில் மாட்டிய பெல்ட் டைனமோவை ஓட்டும், ஒரு சொட்டு டீசல் இல்லாமல் விளக்கு எரியும் என்று எழுதியிருந்தீர்கள். எழுத்து மட்டும் முஹ்சின் காக்காவுடையது. துரைக்கு எழுதக்கூட நேரமில்லையாக்கும் என்று திட்டினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினாராம். வலது கையில் நாலு விரல் போன மனுஷன், விளக்கு எரிகிற அழகை எப்படிச் சொன்னீர்கள்?

பெல்ட் நழுவுகிறதென்று கை வைத்தீர்களாம். "என்ஜின் சத்தம் இல்லேம்மா, மில்லுப் பழக்கத்துல கைய விட்டுட்டான்" என்றார் காக்கா. பன்னிரண்டு வருஷம் ரைஸ்மில்லில் சத்தம் நின்றால் கை வைக்கலாம் என்றே இருந்தவர் நீங்கள். படகு போகிறவரை கடலே அதைச் சுழற்றும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். மறைத்ததற்குத்தான் கோபம்.

நோன்புப் பெருநாளைக்கு வர எடுத்த டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டீர்களாம். பெருநாள் சோற்றுக்கு அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடும்போது எந்தக் கையை நீட்டுவேன், இனி ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்றீர்களாம். விரல் போனதைக் கேட்டபோது வராத அழுகை எனக்கு இதைக் கேட்டுத்தான் வந்தது.

உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காக்கா வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனதால் உம்மா காதில் விழவில்லை. நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

டிக்கெட்டைத் திரும்ப எடுங்கள், மச்சான். பெருநாளன்று உங்களுக்கு நான் ஊட்டுகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அல்லாஹ் உங்கள் உயிரை எனக்கு மிச்சம் வைத்திருக்கிறான். அதை அங்கேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வரவுக்கு துஆ கேட்டபடி,
கமர் நிஷா